லேத்துக்கு வந்த கரண்ட்

லேத்காரர் மனைவி என்றுதான் தெருவில் அவளைச் சொல்வார்கள். லேத் இருக்கிறது, மனைவி இருக்கிறாள், லேத்காரரைத்தான் காணோம். மூன்று வருடமாக வெளிநாட்டில் எவனுடைய பட்டறையிலோ இரும்பு கடைந்துகொண்டிருக்கிறார்.

காரணம் ஊரறிந்ததுதான். கையிலிருந்ததையெல்லாம் கொட்டி, இரும்பு கடையும் லேத் ஒன்று வாங்கி வீட்டு முன்னறையில் இறக்கினார். அதை ஓட்ட மும்முனை மின்சாரம் வேண்டும். மின் அலுவலகத்தில் தலையைச் சொறிந்தார்கள். "முறையா வர வேண்டியதுக்கு நான் எதுக்குக் குடுக்கணும்?" என்று மனிதர் வீம்பு பிடித்தார். மனு தூங்கியது. வீம்பு சோறு போடுமா? விமானம் ஏறிவிட்டார்.

தினமும் காலையில் அவள் லேத்துக்கு எண்ணெய் தடவுவாள், துருப்பிடிக்கக் கூடாதே என்று. அவர் பிடிக்க வேண்டிய கைப்பிடியைக் கொஞ்ச நேரம் பிடித்திருப்பாள்.

ஒருநாள் பொறுமை போய்விட்டது. அவருக்குத் தெரியாமல் வளையலை விற்று, கேட்ட இடத்தில் கொடுத்தாள். மனு துள்ளி எழுந்தது. அந்த வாரமே கம்பி இழுத்தார்கள்.

"ஏங்க, கரண்ட் வந்திருச்சு! டிக்கெட் போடுங்க!" என்று போனில் கத்தினாள்.

அந்தப் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. பிறகு, "வர்றேன்" என்றார்.

கொடுக்கிற வீடு எது என்று இவர்களுக்கு எப்படித்தான் மூக்கில் வேர்க்கிறதோ! கட்டட ஆய்வாளர் வந்தார். சத்தத்துக்கு ஒருவர் வந்தார். புகைக்கு ஒருவர் வந்தார். லேத் என்ன புகையா விடுகிறது? "அங்க குடுத்தீங்களாமே, நாங்க மட்டும் என்ன பாவம் பண்ணோம்? மாசாமாசம் பாத்துக்குங்க" என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்.

பம்ப் மெக்கானிக் ஒருவர் தண்டு கடைய விலை கேட்டு வந்தார். அத்தனை பேர் பங்கையும் ஏற்றித்தான் அவளால் விலை சொல்ல முடிந்தது.

"இதுக்கு நான் புதுசே வாங்கிருவேனேம்மா" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அன்றே போனில் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"இங்க சம்பாதிச்சு அனுப்பினாத்தான் அங்க பட்டறை நடக்கும் போலிருக்கு" என்றார். "டிக்கெட்ட ரத்து பண்ணிடறேன்."

"வாங்க, என்ன வந்தாலும் சேந்து பாத்துக்கலாம்."

"மெஷினைப் போடு, சத்தம் கேக்கணும்" என்றார்.

போட்டாள். போனைப் பக்கத்தில் பிடித்தாள். ஒன்றையும் கடையாமல் லேத் சுற்றியது.

"நல்லா ஓடுது. நிறுத்தும்மா, பில் ஏறும்" என்றார்.

அவள் நிறுத்தவில்லை. அவரும் போனை வைக்கவில்லை.