பள்ளத்தைத் தாண்டாத மாலை

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். மொன்றியலில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. அன்றைக்குத்தான் நான் ஒப்பரா மேடையில் முதன்முதலாகத் தனியே வாய் திறக்கப் போகிறேன்.

ஒப்பரா என்றால் பேச்சே இல்லாமல் முழுக்கப் பாட்டிலேயே நடக்கும் நாடகம். மைக் கிடையாது. மேடைக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் வாத்தியக்காரர்கள் நிறைந்திருப்பார்கள். அவர்களைத் தாண்டி நம் தொண்டை கடைசி வரிசை வரை போக வேண்டும். அந்தத் தொண்டையைப் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எங்கள் வீட்டுக் குளியலறையில்தான் வளர்த்தேன். கீழ்வீட்டுக்காரர் பெருக்கும் தும்புக்கட்டையால் தன் வீட்டு முகட்டில் இடிப்பார். அம்மா ஒரு தட்டில் பொரித்த ரோல்ஸ் கொண்டுபோய்க் கொடுத்துச் சமாளிப்பார். பாவம் மனிதர், என் பாட்டுப் படிப்பு முடிவதற்குள் நன்றாகக் கொழுத்துவிட்டார்.

அப்பாவைத்தான் ரோல்ஸால் சமாளிக்க முடியவில்லை. துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் வேலை. ஊரில் மாதா கோயில் கூத்துகளில் ராசா வேஷம் கட்டியவர். ‘கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்’ என்பார்கள். விடியலுக்காக ஒன்று, பொழுதுபடுவதற்காக ஒன்று என்று அப்பா இரண்டு பக்கமும் பார்த்தவர், அதனால் பிள்ளை மருந்தாளராக வர வேண்டும் என்று நினைத்தார். "பாடிச் சோறு திண்ட ஆக்களை நான் ஊரிலையே காணேல்லை, பிள்ளை" என்று ஒருநாள் சொன்னார். அதற்குப் பிறகு என் பாட்டைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. நான் கூட்டத்தில் ஒருத்தியாகக் கோரஸ் பாடிய மூன்று வருடமும் அவர் மண்டபப் பக்கம் வரவில்லை. கேட்டால் வேலை என்பார்.

இந்த முறை எனக்குக் கிடைத்தது ஒரு வேலைக்காரப் பெண்ணின் வேடம். தனியே வந்து, எட்டு வரி பாடி, எசமானிக்குக் கெட்ட செய்தி சொல்லிவிட்டுப் போக வேண்டும். எட்டே வரிதான், ஆனால் அது சரிவந்தால் அடுத்த பருவத்துக்குத் தனிப்பாடகியாக ஒப்பந்தம், சரிவராவிட்டால் திரும்பவும் கோரஸ். வீட்டில் சொன்னபோது அப்பா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"என்ன வேஷம்?"

"சேடி மாதிரி அப்பா. சின்னப் பாட்டுத்தான்."

"சேடியெண்டாலும் தனி வரவு இருக்கோ?"

கூத்தில் ஒரு பாத்திரம் முதலில் சபைக்கு வரும்போது பாடுவதைத்தான் வரவு என்பார்கள். நான் "ஓம்" என்றேன்.

"அப்ப வாறன்" என்றார். அவ்வளவுதான். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "விடிய மட்டும் நடக்குமோ?" என்று பிறகும் ஒரு கேள்வி வந்தது. பத்தரைக்குள் முடிந்துவிடும் என்றதும், இதெல்லாம் ஒரு கூத்தா என்பதுபோல முகத்தைச் சுளித்தார்.

அன்றைக்கு மண்டப வாசலில் எல்லோரும் குளிர்கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்களாம். அப்பா மட்டும் கொடுக்க மாட்டேன் என்று நின்றாராம். காய்ச்சலாக்கும் என்று அம்மா நினைத்திருக்கிறார்.

இரண்டாம் அங்கத்தில் என் முறை வந்தது. மேடைக்கு நடந்து போனேன். பாடும்போது கண் இசை நடத்துனரின் கையில் இருக்க வேண்டும், அதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். பார்த்தேன். அவருடைய தலைக்குச் சரியாகப் பின்னால், பள்ளத்தின் கைப்பிடிச் சுவரோடு, அப்பா நிற்கிறார். குளிர்கோட்டுப் பொத்தான்கள் திறந்திருக்கின்றன. இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தபடி ஒரு மாலை, சிவப்பும் வெள்ளையுமாக.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. கூத்தில் பிள்ளை வரவு பாடி முடிந்ததும் சொந்தக்காரர் எழும்பிப் போய் மாலை போடுவது எங்கள் வழக்கம். அப்பா அதைத்தான் செய்ய வந்திருக்கிறார். ஆனால் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும் என்று அவருக்கு யார் சொன்னது?

நான் அரைத்தாளம் பிந்தித் தொடங்கினேன். நடத்துனர் புருவத்தை உயர்த்தி, வாத்தியங்களை இழுத்துப் பிடித்து எனக்காகக் காத்தார். இருக்கை காட்டும் பெண் குனிந்து ஓடிவந்து "மிஸ்யூ, மிஸ்யூ" என்று அப்பாவின் கையைத் தொட்டாள். தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அப்பா "மெர்சி" என்று நன்றி சொல்லித் தலையாட்டிவிட்டு அசையாமல் நின்றார். வரவு முடியுமுன் மாலை போடுவது மரியாதையில்லையே! எட்டு வரியோடு என் தொழில் முடிந்தது என்றே நினைத்தேன். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தேன். வாயால் தாளம் பிடித்துக்கொண்டிருந்தார். மீதி ஏழு வரியையும் அவரைப் பார்த்துத்தான் பாடினேன். தன்னைப் பார்க்கிறேன் என்று நடத்துனர் நினைத்திருப்பார்.

பாட்டு முடிந்தது. அப்பா மாலையை உயர்த்தினார், அப்போதுதான் குனிந்து பள்ளத்தைப் பார்த்தார். ஒரு கணம் திகைத்தவர், சுவரோரமாக ஆளுயர வயலினோடு சும்மா இருந்த ஒருவரிடம் மாலையை இறக்கிக் கொடுத்து, என்னைக் கைகாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். அந்த மனிதர் வைக்க இடம் தெரியாமல் மாலையைத் தன் வாத்தியத்தின் தலையில் கொழுவினார்.

திரைக்குப் பின்னால் மேடைப் பொறுப்பாளர் சிவந்த முகத்தோடு நின்றார். யார் அந்த ஆள், உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல நாக்கு எழும்பியது உண்மை. இராயப்பர் சேவல் கூவுமுன் தன் ஆண்டவரையே தெரியாதென்று மறுதலித்த கதையைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த பிள்ளை நான், சேவல் கூவுமுன் தப்பிக்கொண்டேன். "என்னுடைய அப்பா" என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். இனி இப்படி நடக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

முடிந்ததும் வயலின்காரர் மாலையைக் கொண்டுவந்து தந்தார். அதைத் தூக்கிக்கொண்டு கோபத்தோடு முன்கூடத்துக்கு ஓடினேன். சனம் கலைந்துகொண்டிருந்தது. அப்பா ஒரு தூணோடு ஒதுங்கி நின்றார்.

"ஏனப்பா எழும்பி வந்தனீங்கள்? என்ரை வேலை போயிருக்குமெல்லோ?"

அப்பா சுற்றிவர நின்ற சனத்தைப் பார்த்தார். மெதுவாகச் சொன்னார்: "இவ்வளவு சனத்துக்கு முன்னாலை தனிய வாறாய். ஒருத்தரும் மாலை போடாட்டி, இந்தப் பிள்ளைக்கு ஆக்கள் இல்லை எண்டெல்லோ நினைப்பினம்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. மாலையை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கழுத்தைத் தாழ்த்தினேன். போட்டார். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்கார அம்மா ஏன் எதற்கென்று தெரியாமலே கைதட்டினார்.

"அந்த மூண்டாம் வரியிலை மூச்சை முந்தி விட்டிட்டாய்" என்றார் அப்பா, காருக்கு நடக்கும்போது. சரியாகத்தான் சொன்னார், கள்ளன்.

ஒப்பந்தம் சில வாரங்களில் வந்தது. அதற்குப் பிறகு அரசியாக, சூனியக்காரியாக, காசநோய்க்காரியாக எத்தனையோ மேடைகளில் பாடியும் செத்தும் விட்டேன். மொன்றியலில் பாடினால் அப்பா வருவார். இப்போதெல்லாம் குளிர்கோட்டை ஒழுங்காகக் கழற்றிக் கொடுக்கிறார், மாலையும் கொண்டுவருவதில்லை. ஆனால் நான் முதலில் மேடைக்கு வரும்போது மட்டும் இருக்கையை விட்டு எழும்பி, ஒரு தரம் நின்றுவிட்டுத்தான் உட்காருவார். பின்னால் இருப்பவர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும். அந்த இருட்டில் அவர் எழும்பி நிற்பதைக் கண்ட பிறகுதான் எனக்கு முதல் மூச்சே வருகிறது.