மாடி ரசிகர், பின்கட்டு ரசிகர்

தங்கும் விடுதியில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை என்பது, வருகிறவரின் செருப்பைப் பார்த்ததும் அவருக்கு மெத்தையா பாயா என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டு, வாயால் "வாங்க, வாங்க" என்று சொல்லும் வேலை. என்னைப் போலவே இந்தப் பிழைப்பில் அல்லாடியவர்கள் யாராவது இருந்தால், சாவிக்கொத்தை ஓரமாக வைத்துவிட்டு இதைக் கொஞ்சம் படியுங்கள். உங்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில், கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியில் ஒரு விடுதியில் நான் கிராணியாக இருந்தேன். மாடியில் எட்டு அறைகள். கட்டிலும் கொசுவலையும் உண்டு. பின்கட்டில் ஒரு கொட்டகை. சண்டைக்கு முன்னால் அங்கே அரிசி மூட்டை அடுக்கியிருந்தது. அரிசி போனதும் எலிகளும் போய்விட்டன.

இந்தியாவிலிருந்து நாடகம் போட வந்த கம்பெனி ஒன்று, கப்பல் நின்றுபோனதால் கெடாவிலேயே மாட்டிக்கொண்டது. அதில் ராஜா வேஷம் கட்டும் நடிகரை எல்லாரும் ராஜபார்ட் என்றே கூப்பிடுவார்கள். அவருக்கு டவுனிலும் தோட்டங்களிலும் ரசிகர் சங்கங்கள் இருந்தன. எல்லாச் சங்கமும் ஒன்றுகூடி இரண்டு நாள் மாநாடு நடத்துவது, ராஜபார்ட் உட்பட எல்லாரும் எங்கள் விடுதியில் தங்குவது என்று ஏற்பாடாயிற்று.

பத்து மணி

முதலில் கடிதம் போட்டது பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்துச் சங்கம்தான். அதன் செயலாளர் காத்தமுத்து பால்மரம் சீவுகிறவர். பன்னிரண்டு பேர் வருகிறோம், மாடியில் மூன்று அறை வேண்டும், காலை பத்து மணிக்கெல்லாம் வந்துவிடுவோம் என்று முத்து முத்தாக எழுதியிருந்தார். நானும் மூன்று அறையை ஒதுக்கி வைத்தேன்.

ஆனால் பத்து மணிக்கு வந்து இறங்கியவர்கள் அலோர் ஸ்டார், கூலிம் டவுன் ரசிகர்கள். கடைக்காரர்களும் ஆபீஸ் கிராணிகளுமாக ஒரே கூட்டம். அந்த மூன்று அறையும் அவர்களுக்கே போயிற்று. "நேரத்துக்கு வராதவனுக்கு என்ன ரூம்?" என்றார் முதலாளி. ஜப்பான்காரன் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தான். தோட்டத்திலோ, வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன அன்றே ஆபீஸ் கடிகாரமும் அவரோடு போய்விட்டது. இதெல்லாம் முதலாளிக்குத் தெரியாததல்ல.

காத்தமுத்துவின் ஆட்கள் ஆறு மைல் நடந்து வந்து சேர்ந்தார்கள். பதினோரு ஆண்கள், காத்தமுத்துவின் மனைவி அஞ்சலை. பாதிப் பேருக்குக் கோணிச் சட்டை. நான் சுவர்க் கடிகாரத்தைக் காட்டிவிட்டு, கொட்டகைக்கு வழியையும் காட்டினேன். காத்தமுத்து கடிகாரத்தை ஒரு தரம், வாசலில் வெயிலை ஒரு தரம் பார்த்தார்.

"எங்களுக்குச் சூரியன் இன்னும் பழைய எடத்துலதான் கெளம்புது, கிராணி ஐயா" என்றார்.

சீனாச் சாமான்

விடுதியில் கண்ணாடித் தம்ளர்கள் ஒவ்வொன்றாக உடைந்து, மாநாட்டின்போது ஐந்துதான் மிச்சம். புதிதாக வாங்கக் கடையில் சரக்கில்லை. முதலாளி வகுத்த சட்டப்படி கண்ணாடி மாடிக்கு, தேங்காய்ச் சிரட்டை கொட்டகைக்கு. மாடியில் இருபது பேர், ஐந்து தம்ளர். காப்பி என்ற பெயரில் வறுத்த சோளத்தைக் கொதிக்க வைத்துத்தான் கொடுத்தோம். அதற்கும் அங்கே அடிதடி.

தோட்டத்துக்காரர்கள் சிரட்டையைத் தொடவே இல்லை. பால்மரத்தில் பால் வடியக் கட்டுகிற பீங்கான் மங்குகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, ஒரு கூடை நிறையக் கொண்டுவந்திருந்தார்கள். அஞ்சலை எட்டு மங்கை எடுத்துச் சமையல்கார மணியண்ணனிடம் கொடுத்தார். மணியண்ணன் அவற்றில் காப்பியை ஊற்றி, எங்கிருந்து வந்தவை என்று சொல்லாமல் மாடிக்கு அனுப்பிவிட்டார்.

அலோர் ஸ்டார் ஜவுளிக்கடைக்காரர் சுப்பையாதான் மாடிக் கூட்டத்துக்குத் தலைவர். தொழிலாளி கை பட்ட பாத்திரத்தில் தண்ணீர்கூடக் குடிக்காதவர். மங்கைத் தூக்கிப் பார்த்தார், விரலால் சுண்டிப் பார்த்தார், முகம் மலர்ந்துபோயிற்று.

"சண்டைக்கு முந்தின சீனாச் சாமான். இந்தக் கனம் இப்ப கெடைக்காதுலா. எனக்கு நாலு வேணும், எங்க வாங்கினீங்க?" என்றார்.

மேற்படி

விடுதியில் தங்குகிறவர்களின் பெயர், ஊர், தொழில் எல்லாவற்றையும் பதிவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். காலையில் ஜப்பான் அதிகாரி வந்து பார்ப்பார். மாடியில் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டு எழுதினேன். சுப்பையா தன் தொழிலை இரண்டு வரிக்குச் சொன்னார். 'பிரபல' என்ற சொல் விட்டுப்போயிற்று என்று திரும்பக் கூப்பிட்டுச் சேர்க்கச் சொன்னார். கூலிம்காரர் ஒருவர் தம் கையெழுத்திலேயே எழுதினால்தான் ஆயிற்று என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

கொட்டகைக்குப் பெயரும் ஊரும் மட்டும் கேட்டேன். தொழில் என்ற இடத்தில் முதல் ஆளுக்குக் 'கூலி' என்று போட்டு, அதற்குக் கீழே 'மேற்படி, மேற்படி' என்று இழுத்துக்கொண்டே போனேன். கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. மணியண்ணன் எட்டிப் பார்த்தார்.

"அதுக்குள்ள முடிஞ்சிருச்சா தம்பி? மாடிக்கு ஒரு மணி நேரம் எடுத்தீங்களே!" என்றார்.

லாரி

மறுநாள் காலை அதிகாரிக்கு முன்னால் அவருடைய மொழிபெயர்ப்பாளர் வந்தார். பினாங்குத் தமிழர், சிரிக்காத முகம். புத்தகத்தைப் புரட்டினார். கொட்டகைப் பக்கத்தில் விரலை வைத்து எண்ணினார். "பதினோரு ஆம்பளை, எல்லாம் கூலி. ரயில் வேலைக்கு ஆள் தேவைப்படுது. ஒரு மணி நேரத்துல லாரியோட அதிகாரி வருவார்" என்று சொல்லிவிட்டுப் போனார். பின் சந்தில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து நின்றுகொண்டார்கள்.

சயாம் ரயில் பாதைக்குப் போனவர்கள் யாரும் அதுவரை எங்கள் பக்கம் திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவில்லை. தலையைத் தூக்கினேன். அஞ்சலை கழுவிய மங்குகளோடு அங்கேயே நின்றிருந்தார். எல்லாமே காதில் விழுந்திருக்கிறது. எனக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. அந்தப் பக்கத்தை நிரப்பும்போது எனக்கு வாய் வலித்ததா, கால் வலித்ததா, ஏன் கேட்காமல் விட்டேன்?

"எந்தம்பியையும் இப்படித்தான் பேப்பர்ல எழுதிக் கூட்டிட்டுப் போனாங்க. எங்க வீட்டுக்காரரை எழுதுனது நீங்களா?" என்றார் அஞ்சலை.

பன்னிரண்டு நடிகர்கள்

எனக்கு அப்போது தோன்றியது ஒரே யோசனைதான். நாடகக் கம்பெனிக்கு ஜப்பான்காரன் கொடுத்த அனுமதிச் சீட்டு இருந்தது. கம்பெனி ஆட்களை எந்த வேலைக்கும் பிடிக்கக்கூடாது என்று அதில் முத்திரை. எத்தனை பேர் என்று மட்டும் போடவில்லை. பதிவுப் புத்தகத்தில் 'கூலி' என்று எழுதிய பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். புதுப் பக்கத்தில் பன்னிரண்டு பேரையும் நடிகர் என்று எழுதிவிட்டு, மாடிக்கு ஓடி ராஜபார்ட் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

அவர் பயந்துவிட்டார். அவர் பயந்ததில் தப்பில்லை. சீட்டுப் போனால் அவரும் லாரியில் ஏற வேண்டியதுதான். "மேடை ஏறாதவங்களை நடிகன்னு எப்படிச் சொல்றது? ரெண்டு வரி பேசச் சொன்னா மாட்டிக்குவோம்" என்றார். எனக்குப் பின்னாலேயே ஏறி வந்த காத்தமுத்து வாசற்படியில் நின்றபடி, சிறைக்காட்சியில் மந்திரி பேசும் வசனத்தை ஆரம்பித்தார். மூச்சு விடாமல் முழுதும் சொன்னார். அவர் நிறுத்திய இடத்தில் காவலாளியின் பேச்சை இன்னொருவர் எடுத்தார், அதற்குப் பதிலை வேறொருவர். கம்பெனி எந்தத் தோட்டத்தில் கொட்டகை போட்டாலும் நடந்தே போய்ப் பார்த்தவர்கள் அவர்கள். கட்டிலில் உட்கார்ந்திருந்த சுப்பையாவுக்கு நாடகத்தின் பெயரே பாதிதான் ஞாபகம்.

ராஜபார்ட் எழுந்து மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"என் கம்பெனிக்காரனுக்கே இவ்வளவு பாடம் கிடையாதய்யா!" என்றார்.

சிறைக்காட்சி

அதிகாரி வந்தார். மொழிபெயர்ப்பாளர் புத்தகத்தைத் திறந்தார். புதுப் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பக்கத்தைப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னார். அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நடத்துங்கள் என்று கையைக் காட்டினார்.

முன்கூடத்தில் பட்டப்பகலில் சிறைக்காட்சி நடந்தது. ராஜாவுக்குக் கிரீடம் கிடையாது. மந்திரி காத்தமுத்துவுக்குக் கோணிச் சட்டை. காவலாளிக்காவது நல்ல சட்டை வேண்டுமே என்று சுப்பையாவைப் பிடித்து, கையில் குடையைக் கொடுத்துக் காவலாளியாக நிறுத்தினோம். அவர் குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். "மகுடம் போனால் போகட்டும் மந்திரி, தலை இன்னும் என்னுடையதுதான்!" என்று ராஜபார்ட் முழங்கினார். கூடமே அதிர்ந்தது. அடுத்த வரி அவருக்கு வரவில்லை. அதிகாரியின் இடுப்புக் கத்தியைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. வாய் திறந்தபடியே நின்றது.

அஞ்சலை ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தார். ராஜாவின் வரியை ராணியின் வரியாக மாற்றி, "அந்தத் தலை குனிந்து நான் பார்த்ததில்லை மந்திரி, இன்றும் பார்க்க மாட்டேன்!" என்றார். நேரே தன் புருஷன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். நான் அழுதுவிட்டேன், அதை மறைப்பானேன். அதிகாரி கைதட்டவில்லை, ஆனால் எழுந்து, பின்கட்டுப் பக்கம் கையைக் காட்டி ஏதோ கேட்டார்.

மொழிபெயர்ப்பாளர் முதலாளியிடம் திரும்பினார். "இவ்வளவு நல்லா நடிக்கிறவங்களை எதுக்குக் கொட்டகையில படுக்க வெச்சிருக்கீங்கன்னு கேக்குறார்."

குடிமாற்றம்

முதலாளி ஓடிய ஓட்டத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருக்க, சுப்பையாவின் பெட்டி படுக்கைகள் படியிறங்கின. தோட்டத்துப் பாய்கள் படியேறின. மூன்று அறை, கட்டில், கொசுவலை, காத்தமுத்து கடிதத்தில் கேட்டது கேட்டபடி கிடைத்தது. லாரி புறப்பட்டுப் போயிற்று. அது வேறெங்கோ போய் நின்றது என்று பிறகு கேள்விப்பட்டேன். அதை நினைத்தால் என் சந்தோஷத்தில் பாதி போய்விடுகிறது.

மொழிபெயர்ப்பாளர் மட்டும் தொப்பியை எடுக்க வந்ததுபோல் திரும்பி வந்தார். மேஜைமேல் குனிந்து, மெல்லிய குரலில் பேசினார்.

"இந்த நாடகத்தைப் பட்டர்வொர்த்துல மூணு தரம் பாத்திருக்கேன் அண்ணே. காவலாளிக்கு அந்த எடத்துல ஒரு வரி இருக்கு, குடைக்காரர் விட்டுட்டார்" என்றார்.

விடைபெறுதல்

மாநாடு முடிந்து பன்னிரண்டு பேரும் வந்தபடியே நடந்து புறப்பட்டார்கள். அதற்கு முன், இரண்டாம் நாள் சாப்பாட்டை மாடி, கொட்டகை என்று பிரிக்காமல் மணியண்ணன் ஒரே வரிசையில் இலை போட்டார். எல்லாருக்கும் மரவள்ளிக் கிழங்குதான். சுப்பையா காத்தமுத்துவின் பக்கத்தில் உட்கார்ந்து தன் வரியைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். அடுத்த மாநாட்டில் காவலாளி வேஷம் தனக்கே என்று இப்போதே பிடிவாதம்.

வாசலில் நான் அஞ்சலையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கூடையை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டார். அடுத்த தடவையும் வருவீர்களா அக்கா என்றேன். சிரித்தார், அந்தச் சிரிப்பில் கோபம் முழுதாக ஆறியிருந்தது என்று சொல்ல மாட்டேன்.

"வருவோம் தம்பி. ஆனா என்னா வேலை செய்றோம்னு எங்களையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்க."

அன்றிலிருந்து மாடியோ கொட்டகையோ, ஒவ்வொருவரையும் கேட்டுத்தான் எழுதினேன். பத்தில் ஐந்து பேர் என்னிடம் பொய்தான் சொன்னார்கள், ஆனால் 'நடிகர்' என்று நானே எழுதிய அந்த ஒரு பொய்யைவிட நல்ல பொய்யை யாரும் சொன்னதில்லை.