தங்கை கேட்டும் தளர்த்தாத திருகு

இரண்டு வருடம் முன்பு, சாரம் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்த சித்தப்பா, சைக்கிள் பந்தயங்களில் கலந்துகொள்ளும் என் தங்கை மாலாவுக்கு பிரான்சிலிருந்து புதுவகை பெடலும் ஷூவும் கொண்டுவந்தார். ஷூவின் அடித்தகடு பெடலில் மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் கால் விடுபடும்.

“அண்ணா, ரொம்ப டைட்டா இருக்கு. லூசு பண்ணிக் குடு” என்றாள் மாலா.

“ரேசுல கழண்டுக்கினா என்னா பண்ணுவ?” என்று சொல்லி, பெடலின் பிடியைக் கூட்டிக் குறைக்கும் திருகை இன்னும் முறுக்கிவிட்டேன்.

மறுநாள் பயிற்சிக்கு நோணாங்குப்பம் பக்கம் இருவரும் போனோம். முன்னால் சென்ற பஸ் சட்டென்று நின்றது. மாலா பிரேக் பிடித்தாள், கால் வரவில்லை. சைக்கிளோடு அப்படியே சாய்ந்து விழுந்ததில் முழங்கால் நொறுங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் அம்மா அழுதபோது, “நான்தாம்மா டைட்டா வெச்சிக்கினேன். அண்ணன் மேல தப்பு இல்ல” என்றாள். நான் வாய் திறக்கவில்லை.

அந்தக் கால் அதன்பின் முழுதாக மடங்கவே இல்லை. சைக்கிளை விற்கச் சொன்னவளும் அவள்தான்.

இப்போது தெரிந்தவர்கள் யாருக்காவது அந்த வகைப் பெடலைப் பொருத்திக் கொடுத்தால், திருகை முழுக்கத் தளர்த்துகிறேன். சுவரைப் பிடித்தபடி இருபது முறை காலை எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். டைட் என்று சொன்னால் எதிர்த்துப் பேசுவதில்லை.

இதை எழுதியதும் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா எழுந்துபோய் மாலாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.