தட்டத் தெரியாதவன்

செவ்வாய்க் கிரகத்தில் கிசில்சாய்க் குடியிருப்பின் மேற்குக் காற்றுக்கதவுக்குக் காவல் குல்ஷாரா. வயது ஐம்பத்திரண்டு. காலில் சக்கரம் கட்டியவள் என்று ஊரே சொல்லும். கதவின் ரப்பர் விளிம்பைத் துடைப்பாள். நாலு எட்டு நடந்து வந்து, துடைத்ததையே மறுபடி துடைப்பாள்.

ஏழு வருடங்களுக்கு முன்பு, பூமியோடு நடந்த முதல் போரில் வந்த வியாதி இது. காற்றுத் தீர்ந்துபோன அவள் தம்பி சாகென், பூமிக்காரர் முகாமின் கதவைத் தட்டினான். அவர்கள் திறக்கவில்லை. மறுநாள் உடலை எடுத்தபோது வலது கையுறை விரல் முட்டிகளில் தேய்ந்து நூல் தெரிந்தது. கிசில்சாயில் அப்படி நடக்காது. தட்டியவன் எவனானாலும் திறக்க வேண்டும், தேநீர் கொடுக்க வேண்டும், பேர் கேட்பதெல்லாம் அப்புறம். கூடாரத்தில் வாழ்ந்த பாட்டன்மார் காலத்துக் கட்டளை.

விடுதலை கேட்டு கிசில்சாய் இரண்டாம் முறை துப்பாக்கி எடுத்த ஒன்பதாம் நாள், கதவுக் கண்ணாடிக்கு வெளியே ஒரு பூமிச் சிப்பாய் தனியாக வந்து நின்றான். தோளில் சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னும் பத்து நிமிடக் காற்றுதான்.

ரேடியோவில் படைத்தலைவன் எர்மேக் வந்தான். "அக்கா, தொறந்துடாதீங்க. சாகெனை மறந்துட்டீங்களா?"

"எனக்கே ஞாபகப்படுத்த வந்துட்டியா? தட்டினா தொறந்துதான்டா ஆகணும்."

"தட்டினானா?"

"இல்ல."

"அப்போ பேசாம இருங்க. கட்டளைய மீறினதா ஆகாது."

பூமிக்காரனுக்குத் தட்டத் தெரிந்தால்தானே. அவர்கள் கதவெல்லாம் பொத்தானில் திறப்பவை. கதவோரமெல்லாம் தடவிப் பொத்தானைத் தேடினான். குல்ஷாரா குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். தட்டித் தொலைத்துவிடாதே என்று மனம் வேண்டியது. அடுத்த நொடியே, தட்டேன்டா பாவி என்றது. அவன்மேல் அவளுக்கு இரக்கம் ஒன்றும் இல்லை, வெறுப்புதான்.

சிப்பாய் துப்பாக்கியை எறிந்துவிட்டு, கதவில் கை ஊன்றி மண்டியிட்டான்.

குல்ஷாரா போய் உள்ளிருந்து மூன்று முறை தட்டினாள். அதிர்வு கைக்குப் போயிருக்க வேண்டும், நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுபடி தட்டினாள். அவனும் கையை மடக்கி மூன்று முறை தட்டினான்.

"எர்மேக், தட்டிட்டான். தொறக்கறேன்."

"சத்தம் உள்ளேருந்துல்ல மொதல்ல கேட்டுச்சு. மொதல்ல தட்டினது யாருக்கா?"

"சாகென்" என்று சொல்லிவிட்டு, விசையை இழுத்தாள்.