‘மேடம்’ என்று வந்த மின்னஞ்சல்

வாகினி மாத்தளையில் பெண்களுக்கான உதவி நிலையம் ஒன்றில் ஆலோசகர். கொக்குவிலிலிருந்து மாத்தளைக் கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரச அலுவலகத்துக்கு, மாற்றலாகி வந்த எழுதுவினைஞரின் மகள். வீட்டில் அடிபடும் பெண்கள் பயமில்லாமல் எழுதட்டும் என்று, மறைகுறியாக்கம் செய்யும் மின்னஞ்சல் சேவையொன்றை அவள்தான் நிலையத்துக்குக் கொண்டுவந்தாள். அனுப்புபவரையும் பெறுபவரையும் தவிர வழியில் யாராலும் அதைப் படிக்க முடியாது. வருகிற பெண்களிடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்வாள்.

தெரேசாவிடமும் சொன்னாள். தெரேசா மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், லொறி ஓட்டும் கணவன் ரொஹானோடும் கைக்குழந்தையோடும் இருந்தாள். நான்கு மாதமாக எழுதிக்கொண்டிருந்தாள். படித்தவுடன் அழித்துவிடுவாள். வெள்ளிக்கிழமை வில்கமுவவில், ரொஹானுக்கு இடம் தெரியாத அக்காள் வீட்டுக்குப் புறப்படுவதென்று முடிவாகியிருந்தது.

புதன் காலை பத்து மணிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது.

‘மேடம், நான் ஒங்க வீட்டுக்கே வாறேன். அட்ரஸ் அனுப்புங்க.’

வாகினி அதை மறுபடியும் படித்தாள். தெரேசா அவளை ஒருநாளும் ‘மேடம்’ என்றதில்லை, அக்கா என்றுதான் எழுதுவாள். முகவரியை மின்னஞ்சலில் கேட்பதில்லை என்றும் இருவரும் பேசி வைத்திருந்தார்கள். போன் ரொஹானின் கையில். எவ்வளவு படித்தான்? வில்கமுவ விஷயம் தெரிந்துவிட்டதா?

பதில் எழுத விரல் போனது. எதை எழுதினாலும் அடி தெரேசாவுக்குத்தான் விழும். மடிக்கணினியை மூடிவிட்டுத் தோட்டத்து மிட்வைஃப் அருந்ததியைக் கூப்பிட்டாள்.

“பிள்ளையை நிறுக்கிற சாக்கில தெரேசாவை ஒருக்காப் போய்ப் பாருங்கோ.”

இருபது நிமிடத்தில் அழைப்பு வந்தது.

“காம்பராக் கதவு வெளியில பூட்டியிருக்கு வாகினி. உள்ள புள்ள அழுகுது. அவன் வாசல்லயே நிக்கிறான்.”

பொலிஸ் நிலையத்தின் பெண்கள் பிரிவு அதிகாரிகள் இருவரையும் கூட்டிக்கொண்டு வாகினி மலையேறினாள். வளைவுக்கு வளைவு ஜீப் திணறியது. இன்னும் எவ்வளவு தூரம் என்று மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

ரொஹான் தெரேசாவின் போனைக் கையில் பிடித்தபடி நின்றான்.

“நீங்கதானா அந்த மேடம்? ஏங் குடும்பத்த பிரிக்கிற ஆளு? எல்லாத்தையும் படிச்சிட்டேன்.”

அதிகாரிகளில் ஒருவர் சிங்களத்தில் இரண்டே வார்த்தை அதட்டினார். ரொஹானின் கையிலிருந்து சாவி விழுந்தது.

தெரேசா குழந்தையை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். உதடு வீங்கியிருந்தது. கணவனைப் பார்க்கவில்லை.

ஜீப் தோட்டத்து வாசலைத் தாண்டிய பிறகுதான் தாழ்ந்த குரலில் சொன்னாள். “அவன் எல்லாத்தையும் படிக்கலக்கா. வில்கமுவ கதைய நேத்தே அழிச்சிட்டேன். கடைசியா ‘ஒடம்பெல்லாம் வலிக்குது’ன்னு எழுதிக்கிட்டிருந்தேன். புள்ள அழுதிச்சு. போனை மூடாம ஓடிட்டேன்.”

“பிழை என்னோடது தெரேசா. யாராலயும் படிக்க ஏலாதெண்டு சொன்னன். போன் பறிபோனால் என்ன செய்யிறதெண்டு சொல்லித் தரேல்ல.”

தெரேசா வாகினியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் பாதுகாப்பு இல்லத்தில் இருந்துவிட்டு, நீதிமன்றத்தின் பாதுகாப்புக் கட்டளையோடு தெரேசா வில்கமுவ போனாள். இப்போது அங்கே அக்காளோடு வயல் வேலைக்குப் போகிறாள். நிலையத்துக்கு வரும் பெண்களிடம் வாகினி முதலில் கேட்பது, “உங்கட போனை வேற யார் எடுப்பினம்?” என்பதைத்தான்.

ரொஹான் மாதத்துக்கு ஒருமுறை நிலையத்தின் எதிரே லொறியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் உள்ளேயே வந்து, “அவ எங்கன்னு மட்டும் சொல்லுங்க” என்றான்.

“எனக்குத் தெரியாது,” என்றாள் வாகினி, அவன் கண்ணைப் பார்த்து.