மோரில் போட்ட உப்பு

ரத்தக் கொதிப்பு உள்ள தொழிலாளியை வெயிலில் கனமான வேலைக்கு அனுப்பக் கூடாது. ஆஸ்பத்திரி டாக்டரின் கடிதம் வந்ததும் லேசான வேலைக்கு மாற்ற வேண்டும். எங்கள் தோட்டத்து விதி அது. நல்ல விதிதான். கடிதம் வரும்வரை அந்த ஆள் என்ன செய்வான் என்பதை மட்டும் எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் பெரிய கிராணி, ஆபீஸ் கணக்கும் கடிதமும் பார்க்கும் தலைமை எழுத்தர். என் மனைவியின் அண்ணன் அங்கே எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டினார். ஒருநாள் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். தோட்டத்து மருந்தகத்தை நடத்திய டிரெசர் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்து, "கொதிப்பு ஏறிக் கிடக்கு. மாத்திரையை விடாதே, உப்பைக் குறை" என்றார். நான் அன்றே ஆஸ்பத்திரிக்கு முறைப்படி எழுதினேன், நகல் சகிதம்.

கொதிப்பு என்ற சொல்தான் வினையாயிற்று. கொதிப்பது ஆற வேண்டுமே. மச்சான் குழம்பில் உப்பை நிறுத்தினார். வேலைக்குப் போகும்போது போத்தல் நிறைய மோர் எடுத்துப் போனார், உப்பு கரைத்து.

"அதுல உப்பு இருக்கே மச்சான்?"

"இது குளிர்ச்சிக்கு மாப்ள. டிரெசர் சொன்னது குழம்புக்கு லா."

"உப்புன்னா எல்லா உப்பும்தான்."

"கிராணி வேலைய ஆபீஸ்ல வச்சுக்குங்க. என் தங்கச்சி எப்படித்தான் உங்களோட காலம் தள்றாளோ."

என் மனைவி சிரித்தாள். நானும்தான்.

சில வாரங்களில் தலைசுற்றல் நின்றது. "ரத்தம் ஆறிடுச்சு மாப்ள" என்று மாத்திரையையும் நிறுத்திவிட்டார். கோபம் இல்லை, உடம்பில் சூடு இல்லை, பிறகு எங்கே கொதிப்பு? பக்கத்துத் தஞ்சோங் காராங் வயல் வாய்க்காலில் மதகை அடைத்தால் தண்ணீர் சத்தமில்லாமல் கரையை முட்டுமே, அதுபோல என்று சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். யாரும் சொல்லவில்லை. டிரெசருக்கு வாசலில் ஆள் காத்திருந்தது. எனக்கோ, டாக்டர் கடிதம் வந்தால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கை.

தீபாவளிக்கு முந்தின வாரம், வெட்டிய குலைகளுக்கு நடுவில் விழுந்தார். உயிர் பிழைத்தது. வலது கையும் காலும் திரும்பவில்லை, பேச்சும் போயிற்று. தங்கை சோறு பிசைந்து ஊட்டும்போது என்னைப் பார்ப்பார். ஏதோ கேலி செய்ய வாயெடுப்பது தெரியும், சொல் வராது.

இவருக்கு லேசான வேலை கொடுக்கலாம் என்று டாக்டரின் பதில் வந்தது, தைப்பூசத்துக்கு மறுநாள்.