அஞ்சு நம்பர் முனிரத்தினம்

செவ்வாய்க்கிழமை காலை. கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு வெளியே வந்தபோது கைப்பேசி அடித்தது. கோதண்டம். திருத்தணி டாக்சி ஸ்டாண்டை ஒட்டி ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக். அதுவரை அவர் என்னை அழைத்ததே இல்லை.

"பாப்பா, உங்க பாவா வண்டியத் தொடச்சிட்டு சீட்ல உக்காந்துகினு இருந்தாரு. டீ எடுத்துகினு போய்க் கூப்பிட்டேன். திரும்பல. நெஞ்சு வலிக்குதுன்னுகூட ஒரு வார்த்தை சொல்லலம்மா."

சென்னையிலிருந்து திருப்பதி ரயிலில் போய்த் திருத்தணியில் இறங்கினேன். மதியத்துக்குள் ஸ்டாண்டில் அஞ்சலி பேனர் கட்டிவிட்டார்கள். பாவாவின் சிரிக்காத முகம். ஓட்டுநர் உரிமத்துக்கு எடுத்த படம். கீழே மேற்கோள் குறிக்குள் "அஞ்சு நம்பர்". அதற்கும் கீழே முனிரத்தினம்.

யாரும் கேலியாக அச்சடிக்கவில்லை. ஏழு வருடங்களாக ஸ்டாண்டில் அவருக்கு அதுதான் பெயர். அந்தப் பெயர் வரக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அவரை அறியாதவர்களுக்கு: பாவா என் அக்கா தேவகியின் கணவர். பொதட்டூர்பேட்டையில் நெசவுக் குடும்பம். ஒரே இடத்தில் உட்கார்ந்து தறி மிதிக்க முடியவில்லை என்று ஸ்டியரிங் பிடித்தார். "இப்பவும் உக்காந்துகினுதான் இருக்கேன். ஆனா ஊரு நவுருது இல்ல?" என்பார்.

சொந்தமாக ஒரு பழைய வெள்ளைக் கார். ரயிலடியிலிருந்து மலைக்கோயிலுக்கு ஆட்களை ஏற்றிச் செல்வார். மலைப்பாதை வளைவில் இரண்டாவது கியருக்கு இறங்கும்போது பேச்சை நிறுத்திவிடுவார். பயணி கேள்வி கேட்டாலும் பதில் வளைவுக்கு அப்புறம்தான். "மலை ஏர்றப்ப வண்டிதான் பேசணும்."

ஸ்டாண்டில் யார் பழைய கார் வாங்கினாலும் முதலில் பாவாவிடம் கொண்டுவருவார்கள். ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறங்குவார். "எடுத்துக்க." அல்லது "வேணாம்ப்பா." வேறு விளக்கம் கிடையாது. அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருப்பார்கள். அதில் அவருக்கு இருந்த பெருமை, சட்டையைச் சரிசெய்துகொள்ளும் விதத்தில் தெரியும்.

ஏழு வருடங்களுக்கு முன்பு நான் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்திருந்த ஒரு நாள், கியர் ஆயில் மாற்ற வேண்டும் என்று கடைக்குக் கிளம்பினார். நானும் போனேன். வழக்கமாக வாங்கும் ஆயில் இல்லை. கடைக்காரர் இரண்டு டப்பாக்களை வைத்தார். இரண்டிலும் எண்பது டபிள்யூ தொண்ணூறு. கெட்டித்தன்மை ஒன்றுதான். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒன்றில் ஜிஎல்-4. மற்றதில் ஜிஎல்-5.

"இன்னா பாப்பா, நாலா அஞ்சா?"

"அஞ்சு, பாவா."

"வண்டியோட புக்கு டேஷ்போர்டுலதான் கீது. இங்கிலீஷு. ஒரு தபா பாத்துடறியா?"

"அதெல்லாம் வேணாம். பெரிய நம்பர்தான் புதுசு, நல்லது."

கடைக்காரரிடம் திரும்பினார். "பாப்பா எம்.ஏ. படிக்குது. அஞ்சே குடுங்க."

புத்தகம் பத்தடி தூரத்தில், கடை வாசலில் நின்ற காரில், விபூதிப் பொட்டலத்துக்கு அடியில் இருந்தது. நான் போய் எடுக்கவில்லை. படித்தவள் படிக்கவில்லை.

ஆயில் மாற்றுவதை அவரே வண்டிக்கடியில் படுத்துச் செய்தார். சில மாதங்கள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு இரண்டாவது கியர் விழும்போது கரகரவென்று ஒரு சத்தம். பிறகு மலைப்பாதை வளைவில் கியர் விழவே மறுத்தது. ஆடிக் கிருத்திகைக்கு மூன்று நாள் இருந்தது. அரக்கோணத்திலிருந்து காவடிக்காரர்களைக் கூட்டிவர ஐந்து குடும்பங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

கோதண்டம் கியர்பாக்ஸைத் திறந்தார். வடித்த ஆயிலை விரலில் தொட்டு முகர்ந்தார்.

"இந்தக் கந்தக நாத்தம் அஞ்சு நம்பராச்சே. இந்த வண்டிக்கு யார்யா இதை ஊத்தச் சொன்னது?"

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அக்கா வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஸ்டாண்டே என் படிப்பை விசாரிக்கும். நான்தான் சொன்னேன் என்று ஒரு வாக்கியம் போதும். சொல்லவில்லை.

"நான்தான்பா," என்றார் பாவா. "பெரிய நம்பராச்சே, நல்லதுன்னு நெனச்சேன்."

கோதண்டம் சிரித்த சிரிப்பில் இரண்டு மூன்று ஓட்டுநர்கள் வந்துவிட்டார்கள். "ஊருக்கே வண்டி பாத்து சொல்ற ஆளு! வாங்க அஞ்சு நம்பரு!"

பெயர் ஒட்டிக்கொண்டது.

அன்று சாயங்காலம் அந்தப் புத்தகத்தை எடுத்தேன். ஒரே வரி. ஜிஎல்-4. பிறகு தேடித் தேடிப் படித்தேன். ஐந்தில் சேர்க்கும் கந்தக ரசாயனச் சரக்கு அதிகம். லாரியின் பின் ஆக்சில் போலப் பெரும் பாரம் அழுத்தும் கியர் பற்களைக் காக்க அது வேண்டும். எங்கள் வண்டியின் கியர்பாக்ஸில் பித்தளை வளையங்கள் இருந்தன. கியர் மாறும்போது அவை பிடித்து, சுற்றும் வேகத்தைச் சமன் செய்ய வேண்டும். அந்தச் சரக்கு பிடியை வழுக்கிவிடுகிறது. சூட்டில் பித்தளையையும் மெல்லத் தின்கிறது. ஐந்து கெட்ட ஆயில் அல்ல. எங்கள் வண்டிக்கு உரியது அல்ல.

கிருத்திகையன்று கார் ஷெட்டில் கிடந்தது. ஐந்து குடும்பங்களுக்கும் வேறு வண்டி பேசிக் கொடுத்துவிட்டு, பாவா எங்களோடு படியேறினார். காவடிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு ஏறினோம். பாதியில் மூச்சு வாங்க நின்றபோது கேட்டேன். ஏன் பாவா அப்படிச் சொன்னீங்க?

"நீ நாளைக்குக் காலேஜ்ல சொல்லிக் குடுக்கப் போறவ. உன் பேச்ச நாலு பேர் நம்பணும். எனக்கு இன்னா, வண்டி நம்புனா போதும்." பிறகு, "படியேறி எத்தினி வருசமாச்சி. முட்டி ரெண்டும் கரகரங்குது. இதுக்கு எந்த நம்பர் ஊத்தறது?"

அக்கா சிரித்தாள். என்னால் முடியவில்லை.

பித்தளை வளையங்களை மாற்றியதும் வண்டி நம்பியது. மனிதர்கள் நம்பவில்லை. அதற்குப் பிறகு பழைய கார் வாங்குபவர்கள் பாவாவிடம் வரவில்லை. நேராகக் கோதண்டத்திடம் போனார்கள். ஸ்டாண்டில் யாராவது வண்டியைச் சுற்றி நின்று பேசினால், அவர் தன் காரைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

ஆனால் ஒவ்வொரு முறை கியர் ஆயில் மாற்றும் முன்பும் கடையிலிருந்து எனக்கு அழைப்பு வரும். எனக்கு வேலை கிடைத்த பிறகும் வந்தது.

"பாப்பா, நாலா அஞ்சா?"

"நாலு, பாவா."

"ஆங். பாப்பா சொல்லிடுச்சி, நாலே குடுங்க."

அவருக்குத் தெரியாதா என்ன. தெரியும். தெரிந்தே கேட்டார். அடுத்தவர் முன்னால், சத்தமாக. அதை மன்னிப்பு என்று சொல்லலாமா, தெரியவில்லை. அதைவிடச் சாதாரணமான ஏதோ ஒன்று.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஷெட்டுக்குப் போனேன். கோதண்டத்திடம் சொன்னேன். அஞ்சு என்று சொன்னது நான். புத்தகத்தைப் பார்க்காதது நான். பக்கத்தில் நின்றும் வாய் திறக்காதது நான்.

கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"இத்தினி வருசமா இத வச்சிகினு இருந்தியா?" பிறகு, "அவரும் வச்சிகினு இருந்தாரே. நான் தெனம் கூப்பிட்டேன். தெனம் திரும்பிப் பாத்துச் சிரிச்சாரு மனுசன்."

பேனரில் அந்தப் பெயரை மறைத்துவிடச் சொன்னேன்.

"மாட்டேன். அந்தப் பேருக்குத்தான் அவரு திரும்புவாரு. ஆனா இனிமே பேரக் கேக்கறவன் கிட்டெல்லாம் கதையும் சேத்துச் சொல்றேன். அதுல நீயும் வருவ. பரவால்லயா?"

பரவாயில்லை என்றேன். அதற்குத்தான் போயிருந்தேன்.

அக்கா காரை விற்கவில்லை. ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறாள். "அவர் உக்காந்த சீட்டு. வேற எவனுக்குக் குடுக்கறது?" கியர் ஆயில் மாற்றும் கெடு வந்திருந்தது. நான் கடைக்குப் போனேன். டேஷ்போர்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு.

கடைக்காரர் நிமிராமல் கேட்டார். "நாலா, அஞ்சா?"

"நாலு, பாவா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு டப்பாவை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை அந்த ஆயிலை ஊற்றி, கோதண்டம் ஓட்ட, அக்காவும் நானும் பின்னால் உட்கார்ந்து மலையேறினோம். அந்த வளைவு வந்தது. கோதண்டம் பேச்சை நிறுத்தினார். அக்கா என் கையைப் பிடித்தாள். இரண்டாவது கியர் விழுந்தது.

ஒரு கரகரப்பும் இல்லை.

போய் வாருங்கள், பாவா. வண்டி பேசுகிறது. நாங்கள் சும்மா இருக்கிறோம்.